நாற்பதாரும் நான்கு சிவப்புக் காயில்களும்

தெருமுனையில் 'டப்' என்று ஒரு வெடிச் சத்தம். எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார். மதில் மேல் தூங்கிய பூனை, யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் ஒரு ஜன்னலுக்குள் பாய்ந்தது. மறுபடியும் 'டப்'. அதற்குப் பின்னால், விக்கல் எடுத்த பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி வந்து, நீல நிறக் கார் ஒன்று வாசலில் நின்றது.

மாடியில் மெழுகில் பல்வரிசை செதுக்கிக்கொண்டிருந்த நாற்பதார், கையில் இருந்த முன்பல்லைத் தட்டில் போட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கி ஓடினார்.

பல்செட் செய்வது அவர் தொழில். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவண்ணம். நாற்பதார் என்பது, கூடப் படித்த மெக்கானிக் வைத்த பட்டம். டர்போ வைத்த கார், மிதித்தால் பறக்கிற சாதி. அதை ஆசை ஆசையாய் வாங்கிவிட்டு, வேக முள்ளை நாற்பதுக்கு மேல் ஏறவிடாமல் ஓட்டுகிற மனிதருக்கு வேறு என்ன பட்டம் வைப்பது? அவருக்கு அந்த வண்டியைத் துடைக்க வேண்டும், மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்க வேண்டும், அது நின்ற இடத்திலேயே உறுமுவதைக் கேட்க வேண்டும். அதோடு மனசு நிறைந்துவிடும்.

காரிலிருந்து இறங்கியவர் அவருடைய மனைவி. மருந்துக்கடை வைத்திருப்பவர். கடையை ஊருக்கு வெளியே, மேட்டுச்சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றிய இரண்டு மாதமாக அவர்தான் காரை எடுத்துப் போகிறார். சாவியைக் கணவர் கையில் வைத்தார்.

"இன்னிக்கும் குலுக்கிக் குலுக்கி இடிச்சுதுங்க. ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாங்க, கார் கேக்கற ஆளையும் கூட்டிட்டு. அதுக்குள்ள இது சரியாகணும். இல்லேன்னா கொடுத்துடலாம். இழுக்காத வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நாற்பதார் காதில் 'கொடுத்துடலாம்' மட்டும் விழுந்தது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. மனைவிக்கு இந்த வண்டி ஆகாது என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். வாங்கி வந்த அன்று மனைவி சொன்ன ஒரே வார்த்தை, "பையெல்லாம் வைக்க இடம் பத்துமா?" என்பதுதான்.

உடனே தானே எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். எண்ணெய் விட்ட கதவு மாதிரி ஓசைப்படாமல் போனது. கடைத்தெரு வரை போனார். ஒரு விக்கல் இல்லை. இவள் கை பட்டால் மட்டும் ஏன் இப்படி என்று யோசித்தபடியே பட்டறைக்கு விட்டார்.

மெக்கானிக்கின் பட்டறையில் ஒரு வேலையும் பேச்சில்லாமல் நடக்காது. அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, அதன் திரையைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தார். வண்டி எந்த நிலையில் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது பொறி தவறியது, என்று அதற்குள்ளேயே பதிவாகியிருந்தது. நாலு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு காயில். பிளக்குக்குத் தீப்பொறி தருவது அதுதான். டர்போ முழு வேகத்தில் காற்றைத் திணிக்கும்போது பொறியும் பலமாக இருந்தாக வேண்டும். இந்தக் காயில்கள் கிழடு தட்டிவிட்டன, அந்த நேரத்தில் கையை விரித்துவிடுகின்றன என்றார். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடிப்பதுதான் அந்த 'டப்'.

"ஆனா ஒண்ணுடா நாப்பது. இது எல்லாமே மூணாவது கியர்ல, மிதி தரையில ஒட்டியிருக்கறப்ப வந்தது. யார் அப்படி மிதிச்சது?"

நாற்பதார் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதற்குத் தேவையே இல்லை என்றார் மெக்கானிக். அவர் மிதித்தால் மிதிக்கே தெரியாதாம். வேறு யார் ஓட்டினார்கள் என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். போன மாதம் மச்சான் வண்டியை இரவல் வாங்கிப் போனது நாற்பதாருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஆகா, அப்படியா சங்கதி. பழுதாக்கி வைத்துவிட்டு, அவரே வாங்குகிற ஆளையும் கூட்டி வருகிறாரா?

பழையபடி சாதாரணக் காயில் போடாமல், பலம் கூடிய காயில்களாகவே போடுவது என்று முடிவாயிற்று. நான்கும் இரத்தச் சிவப்பில், பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தன. அவற்றைத் தானே மாட்டப்போவதாக நாற்பதார் அடம்பிடித்தார்.

சனிக்கிழமை காலை, வாசலில் பழைய போர்வையை விரித்து, கருவிகளை வரிசையாக அடுக்கினார். எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினார். ஒவ்வொரு காயிலின் கிளிப்பையும் விரல் நுனியால் அழுத்தி விடுவித்து, போல்ட்டைத் திருகி எடுத்து, கடைவாய்ப்பல் பிடுங்குகிற பக்குவத்தில் மெல்ல அசைத்து வெளியே எடுத்தார். புதிய காயில்களை அழுத்தியபோது 'டொக்' என்று உட்கார்ந்தன. அத்தோடு அவர் மூடியை மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எடுத்ததுதான் எடுத்தோம், பிளக்குகளையும் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. பிளக்கின் முனையில் பொறி தாவுகிற இடைவெளி ஒன்று உண்டு. காயில் பலமானது என்றால் இடைவெளியைக் கூட்டலாம், பொறி பெரிதாகும் என்று ஏதோ ஒரு வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். பல்லுக்குப் பல் மயிரிழை சுத்தமாய் வேலை செய்கிறவருக்கு இது எம்மாத்திரம்? மாடியிலிருந்து தன் அளவுகோலைக் கொண்டுவந்து, நான்கு பிளக்கிலும் ஒரே மாதிரி, அச்சு அசலாக, இடைவெளியை அகட்டினார்.

ஓட்டிப் பார்த்தார். பூப்போல் போனது. தையல்காரரிடம்கூட நிறுத்தி, இனிமேல் ஊசி குத்தாது என்று வாக்குக் கொடுத்தார். மனைவி சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நாற்பதார் அன்றைக்கு மூன்று பல்செட்டுக்குப் பாலிஷ் போட்டார், பாட்டும் பாடினார்.

சாயங்காலம் தெருமுனையில் 'டப்'.

மனைவி இறங்கியபோது முகத்தில் கோபம் இல்லை. அதுதான் நாற்பதாரை உலுக்கிவிட்டது. பாவம் நீங்களும் என்னதான் செய்வீர்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணனை நாளைக்கு வரச்சொல்லிவிட்டதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை, பல் விளக்கியும் விளக்காமலும் மெக்கானிக் வந்து சேர்ந்தார். முதல் பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஊர்ல எல்லார் பல் இடுக்கையும் அடைக்கிறவன், பிளக் இடுக்கை மட்டும் அகட்டி வச்சிருக்கியேடா."

டர்போ வண்டியில் காற்று நெருக்கியடித்து நிற்கும், அதற்குள் பொறி தூரமாய்த் தாவ முடியாது, புயலில் தீக்குச்சி கொளுத்துகிற கதையாகிவிடும் என்று அவர் விளக்கினார். மெல்ல ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஓங்கி மிதித்தால்தான் குட்டு வெளிப்படும். நாற்பதார் காது வரை சிவந்துபோனார். தன் அளவுகோலை எடுத்து, மெக்கானிக் சொன்ன அளவுக்கு நான்கையும் நெருக்கினார். கடைசி போல்ட்டை முறுக்கும்போது மச்சானின் கார் வந்து நின்றது. கூடவே, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர். கார் கேட்கிற ஆள்.

நாற்பதாருக்கு அடக்க முடியவில்லை. துணியில் கையைத் துடைத்தபடி மச்சானிடம் நேராகவே கேட்டார்.

"மச்சான், மறைக்காம சொல்லுங்க. போன மாசம் எடுத்துட்டுப் போனப்ப இதை ஓங்கி மிதிச்சீங்களா?"

"நானா? நல்லா கேட்டீங்க மாப்பிள்ளை. எனக்கு இடுப்பு வலி. உங்களைவிட மெதுவா ஓட்டினேன். சைக்கிள்காரன் என்னை முந்திட்டுப் போனான்."

மெக்கானிக் கையோடு கொண்டுவந்த கருவியைச் செருகி, இந்தத் தடவை திரையில் தேதிகளையும் பார்த்தார். நாற்பதாரைப் பார்த்தார். இடி எல்லாமே இந்த இரண்டு வாரத்துக்குள், அதுவும் நேற்றும் முந்தாநாளும் என்று காட்டியது. அவர் வாய் திறப்பதற்குள், வெள்ளைத் தொப்பிக்காரர் ஒரு சுற்று போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"நானே ஓட்டிக் காட்டறேன். மேட்டுச்சாலை எனக்குத்தான் பழக்கம்," என்று சொல்லிவிட்டு மனைவி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். தொப்பிக்காரர் பக்கத்தில். பின்சீட்டில் மச்சானும் நாற்பதாரும். வண்டியோடு இதுவே கடைசிப் பயணம் என்று நாற்பதார் சீட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

ஊரைத் தாண்டும் வரை வண்டி அடக்க ஒடுக்கமாய் வந்தது. மேட்டுச்சாலை தொடங்கியதும் மனைவி கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டார். கை ஒரு தட்டு தட்டி மூன்றாவது கியருக்குப் போனது, கால் இறங்கியது.

நாற்பதாரின் தலை சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. எங்கோ ஒரு விசில் எழுந்து காதைத் துளைத்தது. அந்த டர்போவின் குரலை, வாங்கிய நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவர் கேட்கிறார். மச்சான் அவர் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டார். 'டப்' வரும், இதோ வரும் என்று நாற்பதார் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. மேடு முழுவதையும் ஒரே மூச்சில் இழுத்து ஏறி, உச்சியில் வண்டி அமைதியானது.

தொப்பிக்காரரின் தொப்பி மடியில் கிடந்தது. முகமெல்லாம் பல். இப்போதே வாங்கிக்கொள்வதாகவும், பேரம் பேசப்போவதில்லை என்றும் சொன்னார். மச்சான் இடுப்பைத் தடவியபடி சரி என்று தலையாட்டினார். நாற்பதார் சீட்டை இன்னொரு தடவை தடவிக் கொடுத்தார்.

மனைவி ஓரமாய் நிறுத்தினார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, அவரை வேற வண்டி பாக்கச் சொல்லுங்க. தினமும் கடைக்குப் போறப்ப இந்த மேட்டுலதான் இடிச்சு இடிச்சு என் உயிரை வாங்கிச்சு. இன்னிக்குத்தான் எனக்குப் புடிச்ச மாதிரி இழுக்குது."