மேல்மாடிக் கதிரை

கொட்டாஞ்சேனையில் கோயில் மணி அடிக்கும் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். இமெல்டா அக்கா வாயில் துவாயைக் கடித்தபடி கட்டிலில் கால் நீட்டிப் படுப்பாள். பலகையில் பவுடரைத் தூவி, குதிகாலை அதன்மேல் வைத்து, நான் கணுக்காலைப் பிடித்துத் தள்ளுவேன். முழங்கால் மடிய வேண்டும். மடிக்காமல் விட்டால் உள்ளே இறுகி, வைத்த புது மூட்டு பிரயோசனமில்லாமல் போகும் என்று வார்ட்டில் பார்த்த நேர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"இன்னும் தள்ளு, மிதுனா."

"அழுறீங்களே அக்கா."

"அழுறது கண். நீ காலைத் தள்ளு."

அடுத்த அறையில் குடியிருப்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. பாசம் வைத்த ஒருத்தியை இப்படி வதைக்க என்னால் முடியும் என்று அதுவரை நினைத்ததில்லை. சத்திரசிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி நிறுத்துவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான நோவு என்று ஒருவரும் சொல்லவில்லை. பகலெல்லாம் வீக்கமும் ஐஸும், இரவில் தூக்கமில்லை. படியேற நல்ல கால் முன்னால், இறங்க வெட்டின கால் முன்னால். நிலத்தில் சம்மணமிடவோ முழந்தாளிடவோ கூடாது. கோயில் பூசையில்கூட வாங்குப் பலகையில் இருந்தபடிதான் செபித்தாள்.

அந்த மூட்டைத் தின்றது நாங்கள் இருவரும் வேலை செய்யும் கடை. வெள்ளவத்தையில், காலி வீதியோரச் சேலைக்கடை. திறந்தது முதல் மூடும்வரை விற்கிற பெண்கள் நிற்க வேண்டும். கதிரைகள் வாடிக்கையாளருக்கு மட்டும். ஆளில்லாத மத்தியானத்தில் சுவரில் சாய்ந்தாலும் முதலாளி கமராவில் பார்த்துத் தொண்டையைச் செருமுவார். இருபது வருடத்துக்கு மேலாக அக்கா அங்கே நின்றாள்.

முதலாளிக்கும் போன வருடம் இரண்டு முழங்காலும் மாற்றினார்கள், தனியார் ஆஸ்பத்திரியில். அவர் கடைக்குத் திரும்பியபோது கைபிடி வைத்த உயரமான கதிரையும் கால் வைக்க முக்காலியும் வந்தன. ஐஸைத் துணியில் சுற்றி அவருடைய முழங்காலில் வைத்தவள் இமெல்டா அக்கா. குணமானதும் கதிரை மேல்மாடிக்குப் போய்த் தூசி பிடித்தது.

அக்காவின் லீவு முடியவில்லை. கல்யாண சீசனுக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக முதலாளி சொல்லியனுப்பினார். அக்கா ஊன்றுகோலோடு பஸ் ஏறினாள்.

"ஐயா, நிக்கிறன். இடைக்கிடை இருக்க மேல கிடக்கிற கதிரையைத் தாங்கோ."

"அது என்ர கதிரை."

"இப்ப நீங்க பாவிக்கிறேல்லையே."

"இண்டைக்கு உனக்குத் தந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பினம். எனக்கும் செய்ததுதான், உந்த நோவு எனக்குத் தெரியும். இருக்கத்தானே வேணும்? மேடையில இருந்து சாறியை மடி."

வெள்ளைத் துணி விரித்த அந்த மேடை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். முழந்தாளிட்டோ சம்மணமிட்டோதான் அதில் இருக்கலாம். மூட்டு மாற்றிய மனிதருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னார்.

"நிலத்தில இருக்கப்படாதெண்டு டொக்டர்..."

"அப்ப வீட்ட இரு."

வீட்டில் இருந்தால் சோறு யார் தருவது? அக்கா ஊன்றுகோலைச் சாத்தி, கையூன்றி, மெல்லத் தாழ்ந்தாள். விடியலில் நான் தள்ளித் தள்ளி மடித்த அளவையும் தாண்டிக் கால் மடிந்தது. கடிக்கத் துவாய் இல்லை. ஒரு முனகலோடு பக்கவாட்டில் சரிந்தாள். மேடை விளிம்பில் முகம் மோதி உதடு கிழிந்தது.

முதலாளி ஓடி வந்து குனிந்தார். அவளுடைய கைக்கு அடியில் கிடந்த கூறைச் சேலையை உருவி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லகாலம், ரத்தம் படேல்ல."

நானும் என்னோடு விற்கிற டில்ஷானியும் அக்காவைத் தூக்கி வாடிக்கையாளர் கதிரையில் இருத்தினோம். சேலை பார்க்க வந்த மணப்பெண்ணின் தாய் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"கஸ்டமர் நிக்கினம். அவளை எழுப்புங்கோ" என்றார் முதலாளி.

துணிப்பொதி சுமக்கும் றிகாஸ் தோளில் இருந்த பொதியைக் கீழே போட்டான். மாடிப்படியை நோக்கி நடந்தான்.

"எங்க போறாய்?"

"கதிரைக்கு."

"அதில கை வைக்கிறவன் இண்டையோட வீட்ட போகலாம்!"

றிகாஸ் படியில் நின்றுவிட்டான். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவன். அப்போது டில்ஷானி கையிலிருந்த அளவு நாடாவை மேசையில் வைத்துவிட்டு அவன் பின்னால் போனாள். நானும் போனேன். பிளவுஸ் துணிப் பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், பில் போடுகிறவளும் எழுந்து வந்தாள்.

ஓர் ஆள் தூக்கிவிடும் கதிரை அது. அத்தனை பேரும் தூக்கினோம். குறுகிய படியில் முழங்கைகள் சுவரில் இடிபட, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இறங்கினோம்.

"ஆர் முதல்ல கை வைச்சது?" முதலாளி கத்தினார்.

ஒருவரும் கையை எடுக்கவில்லை. கதிரையை விற்பனை மேசைக்குப் பின்னால் வைத்தோம். அக்கா கைபிடிகளைப் பிடித்து, வெட்டின காலை முன்னால் நீட்டி இருந்தாள். அந்தக் கால் அதற்குள் பூசணிக்காயளவு வீங்கியிருந்தது.

"நாளைக்கு ஒருத்தரும் கடைப்பக்கம் வரக் கூடாது!" முதலாளி போனைக் கையில் எடுத்தபடி சொன்னார்.

அக்கா உதட்டு இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வருவம், ஐயா. இத்தனை பேருக்கு ஒரு கதிரை காணாது."