ஒரு நாள் அட்டை

வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும், கான்ட்ராக்டில் தைக்கும் எங்களுக்கும் கம்பெனி அடையாள அட்டை தரும். அதில் என் போட்டோ, மூக்கம்மாள் என்ற என் பெயர், ஒரு இ.எஸ்.ஐ. நம்பர். சாயந்திரம் அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பர்வைசர் இளங்குமரன் பெட்டியோடு வந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வார்.

போன மாதம் என் பக்கத்து மிஷினில் தைக்கும் நதியாவின் விரலில் மிஷின் ஊசி ஏறியபோது, "நீங்க கம்பெனி ஆளே இல்லீங்க" என்று கையை விரித்தவரும் அவர்தான்.

இன்று சாயந்திரம், கட்டுப்போட்ட விரலோடு நதியா தன் அட்டையைப் பெட்டியில் போட்டாள். அடுத்தது நான்.

"அக்கா, கார்டைக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"ஏனுங்க அக்கா, இது ஆடிட்டுக்கு மட்டுந்தானுங்க."

"என்னென்ன சொல்லணும்னு காலையில பாடம் நடத்துனீகளே. பி.எஃப். பிடிக்கிறாக, லீவுக்குச் சம்பளம் உண்டு, அம்புட்டும் பொய். எட்டு வருசமா இங்கதான் வேல பாக்குறேன்னு சொல்லச் சொன்னீக பாருங்க, அது ஒண்ணுதான் நெசம். அத எதுக்குத் திருப்பித் தரணும்? நாளைக்கு இந்த நம்பரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில நீட்டுவேன்."

"வம்பாயிருமுங்க அக்கா."

"யாருக்கு?" என்றேன்.

நதியா குனிந்து, பெட்டிக்குள் தன் அட்டையைத் தேடத் தொடங்கினாள்.