வரிசையில் நாற்பத்திரண்டாவது

1.

இதை எழுதச் சொன்னவன் ஸ்டாஷ், போன வாரம் செத்துப்போன வக்கீல் பெர்னடீன் வோய்சிக்கின் தம்பி. சனிக்கிழமை பங்குக் கோவில் மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம்.

"லொரெய்ன் அக்கா, முப்பத்தொரு வருஷம் அவகூட குப்பை கொட்டினது நீங்கதான். ரெண்டு பக்கம் எழுதிப் படிங்க. பியரோகி கொழுக்கட்டை ஆறுறதுக்குள்ள முடிச்சிரணும். அவ வீட்டுக் கேஸைப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க, மானம் போயிடும்."

அதைத்தான் எழுதப்போகிறேன். அது இல்லாவிட்டால் பெர்னியே இல்லை.

2.

ஆரம்பம் ஒன்று: "ஏழைகளின் விளக்காகத் திகழ்ந்த..." [வேண்டாம். அவளுக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது.]

ஆரம்பம் இரண்டு: "யாரிடமும் கோபப்பட்டு அறியாத..." [என் தலைக்கு மேலே ஸ்டேப்ளர் பறந்திருக்கிறது.]

ஆரம்பம் மூன்று: பஃபலோ நகரில், இலவசச் சட்ட உதவி ஆபீஸில், வீட்டுக்காரர் துரத்தும் குடித்தனக்காரர்களுக்காக வாதாடியவள் பெர்னி. வாசல் மேஜையில் டைப்பிஸ்ட் நான். [அழகில்லை. ஆனால் பொய்யில்லை. இருக்கட்டும்.]

3.

பிழை என்னுடையது. 'வீட்டைக் காலி செய்' என்று வரும் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ஃபைல் திறந்து, காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பது என் வேலை. ஒரு பிப்ரவரியில் பெர்னி, பிரிக்காத தன் வீட்டுத் தபாலையெல்லாம் என் மேஜைமேல் கொட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினாள். அதில் அவளுக்கே ஒரு நோட்டீஸ். குற்றம், பூனை வளர்த்தது. நான் பெயரைப் பார்க்கவில்லை. (தெரு, தேதி, அடுத்தது! அப்படித்தான் நாள் ஓடும்.) நாற்பத்திரண்டாவது இடம் கொடுத்துவிட்டேன்.*

* ஒரு வக்கீலை அவளுடைய வரிசையிலேயே நிறுத்திவைத்த சாதனையை வேறு யாரும் செய்திருந்தால் எழுதித் தெரிவிக்கவும்.

கண்டுபிடித்தபோது விசாரணைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"அடியே, என்னையே எனக்குக் கட்சிக்காரி ஆக்கிட்டியே!"

"மேல ஏத்திடறேன் பெர்னி."

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுவேன். முன்னால நாப்பத்தோரு பேர் நிக்கறாங்க."

"அவங்களுக்கு வக்கீல் இல்லடி. நீயே வக்கீல்!"

"அப்பப் பட்டியல் எதுக்கு? நானே போய் நின்னுக்கறேன். பேரைக் கூப்பிட்டா 'ஆஜர்'னு சொல்லணும், அவ்வளவுதானே?"

4.

[அவளுடைய பள்ளிப் பருவம் இங்கே வரவேண்டும் என்கிறான் ஸ்டாஷ். "சிறுவயதிலேயே நீதியின்பால்..." விடுங்கள்.]

கோர்ட் வராந்தா. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் வீடு போச்சு. வந்தாலும் விடாமல், வீட்டுக்காரர்களின் வக்கீல்கள் வராந்தாவிலேயே குடித்தனக்காரர்களை மடக்கிக் கையெழுத்து வாங்குவார்கள். பெர்னி அங்கே பெஞ்சில் காவல் இருப்பாள். அன்றைக்கு மாட்டியவள் ஒடெஸா டில்மன், கைக்குழந்தையோடு வந்தவள். பட்டியலிலேயே இல்லாதவள். (முன்னுக்குப் பின் முரணா? பெர்னியிடம் கேட்டிருந்தால் ஸ்டேப்ளர் பறந்திருக்கும்.)

பெர்னி அந்தத் தாளைப் பிடுங்கினாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு சொன்னாங்க?"

"இன்னும் ஒரு மாசம் இருக்கலாம்னு..."

"வெள்ளிக்கிழமை காலி பண்றேன்னு நீங்களே ஒத்துக்கறதா இருக்கு."

உள்ளே குமாஸ்தா கத்தினார்: "வோய்சிக்!"

நான் கதவருகிலிருந்து கையைக் காட்டினேன். பெர்னி தலையை நிமிர்த்தவில்லை.

"வோய்சிக்!"

"மேடம், யாரையோ கூப்பிடறாங்க. நீங்க போகவேணாமா?" என்றாள் ஒடெஸா.

"அது வராத ஆளும்மா. நீங்க முதல்ல அந்தப் பேனாவ மூடுங்க."

5.

முடிவு அ (ஸ்டாஷுக்கு): பெர்னி பாய்ந்து உள்ளே போய், 'ஆஜர்' என்று...

முடிவு ஆ (எனக்கு): பிழை செய்தவள் நான்தானே? நானே உள்ளே ஓடி, 'இதோ வராங்க ஐயா' என்று...

நடந்தது: மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவள் இரண்டாம் பத்தியைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. தீர்ப்பை மாற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கலாம். அதற்கான கெடு முடிவதற்குள் எங்கள் பட்டியலில் அவள் முறை வரவில்லை. பெர்னியும் பூனையும் என் வீட்டு மாடிக்கு வந்தார்கள். பூனை என் சோபாவைக் கிழித்தது.

ஒடெஸா அதே வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். அன்று கூப்பிட்டது யார் பெயரை என்று அவளிடம் பெர்னியும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சனிக்கிழமை முன்வரிசையில் உட்காரப்போகிறாள். இவ்வளவும் டைப் அடித்த பிறகுதான் எனக்கு அது உறைக்கிறது.

அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், இதைக் கேட்க விரும்புவீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். நான் படிக்க வேண்டியது சனிக்கிழமை.