பெடல் மிதித்தவள்

வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து மகள் ஸ்பானரைக் கேட்டபோது, தாய்மாமன் குனிந்து நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். உள்ளே அப்பாவைக் கிடத்தியிருக்கிறது, பெற்ற பெண் கையெல்லாம் கிரீஸாக இங்கே கிடந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். வேறு வழி இருந்தால் அவள் ஏன் படுக்கப் போகிறாள்?

வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அப்பாவின் பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக். சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நுழையலாம். படுத்திருக்கிறவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தள்ளிவிடலாமே என்றார் மாமா. தெரு பெரிய சாலை வரைக்கும் ஒரே இறக்கம். கைபிரேக் நிற்கிற வண்டியைத்தான் பிடிக்கும், பெடல் பிரேக் இல்லாமல் தள்ளினால் இன்னொரு சாவு விழும் என்று அவள் சொன்னதும் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் அப்பாவின் ஆசையால் வந்தது. டிரம் பிரேக்கோடு இருந்த முன் ஆக்சிலைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடைக்க வந்த வேறொரு வண்டியின் டிஸ்க் பிரேக் ஆக்சிலை வாங்கி மாட்டினார். கிழவிக்கு மூட்டு மாற்றுகிறேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது, பிரேக்கைத் தவிர. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று நின்றால் அப்படித்தான் ஆகும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே சக்கரத்தருகே நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து மிதிக்கிற வேலை அம்மாவுடையது. நேற்று மாலையும் அவள்தான் மிதித்தாள். மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். இத்தனை வருஷமாகியும் ஒழுங்காக மிதிக்கத் தெரியவில்லையா என்று அப்பா கீழேயிருந்து கத்தியது பக்கத்து வீடு வரை கேட்டது. சாப்பிடாமல் போய்ப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

அம்மா இன்னும் அழவில்லை. என் காலால் வந்த கோபம்தான் அவர் நெஞ்சை அடைத்துவிட்டது என்று மகளிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க மகளுக்குப் பொறுக்கவில்லை.

நிப்பிளில் ஸ்பானரை வைக்கப் போன கை அப்படியே நின்றது. காற்று எப்போதும் மேலேதான் ஏறும், அதனால் நிப்பிளும் மேலே இருக்க வேண்டும். இது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உருண்டு அடுத்த பக்கம் போனாள். அங்கேயும் அதே கதை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்களில் இடதை வலப்பக்கத்திலும் வலதை இடப்பக்கத்திலும் மாட்டியிருந்தார் அப்பா. யானையே வந்து மிதித்தாலும் இது இறுகாது. அவள் வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனையில் யாராவது இப்படி மாட்டியிருந்தால் ஒரு மாதத்துக்குக் கிண்டல் ஓய்ந்திருக்காது. அப்பா செய்கிற தப்பா இது? மாட்டும்போதே அவருக்கு உடம்பு முடியாமல் இருந்திருக்க வேண்டும். அவளுக்கு ஆத்திரம் வந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

ஜாக்கி வைத்து முன் சக்கரங்களை எடுத்து, காலிப்பர் இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டி முடித்தபோது தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. மிதிக்கத் தான் வருவதாக மாமா சொன்னார். அவள் அம்மாவைத்தான் அழைத்துவரச் சொன்னாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். அம்மா எழுந்து வந்தாள்.

"என் கால் வேணாம்டி. வேற யாரையாவது கூப்பிடு."

"உன் கால்ல ஒண்ணும் இல்லம்மா. அப்பா இடது வலது மாத்தி மாட்டியிருக்கார். யார் மிதிச்சாலும் பிடிச்சிருக்காது."

"அவரா?"

"அவர்தான்."

அம்மா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து இடது கையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார்," என்றாள். "கிரீஸைத் துடைக்கிறார்னு நினைச்சேன்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மகள் சொல்லச் சொல்ல மிதித்தாள், பிடித்தாள், எடுத்தாள். நிப்பிளில் மாட்டிய குழாய் வழியே குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பிறகு வெறும் ஆயில் மட்டும் வந்தது.

"நின்னுடுச்சுடி," என்று மேலேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கல்லு மாதிரி நிக்குது."

சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்குவதற்குள் அமரர் ஊர்தி தெருமுனைக்கு வந்துவிட்டது. அம்மாவை இறங்கச் சொன்னார் மாமா. வண்டியை மகள் ஒதுக்கட்டும் என்றார்.

"நீங்க தள்ளுங்க," என்றாள் அம்மா. "பிரேக்கை நான் பாத்துக்கறேன்."

மகளும் மாமாவும் பின்னாலிருந்து தள்ளினார்கள். டிரக் வாசலை விட்டு மெல்ல இறக்கத்தில் இறங்கி, சுவரோரமாக ஒதுங்கி, குலுங்காமல் நின்றது. அம்மா மிதித்த மிதியில் பின்பக்கம் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. மாமா போய்க் கைபிரேக்கை இழுத்துவிட்டார், சக்கரத்துக்குக் கல்லும் வைத்தார். ஊர்தி மேலேறி வந்து வாசலில் நின்றது, அப்பாவைத் தூக்க ஆட்கள் உள்ளே போனார்கள். அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.