நடுப்பந்து

எங்கள் குடும்பம் விளையாட்டுக் குடும்பம். செய்த வியாபாரமோ கட்டுத்துணி. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணியை வாங்கி ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது தொழில். அத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தா, கால்பந்து ஆடப் போய் முழங்காலை உடைத்துக்கொண்டு வந்த அன்று, "சரக்கு வீட்டுக்குள்ளயே செலவாகுது" என்றாராம் எங்கள் அத்தா சேக் முகைதீன். அவர் மட்டும் என்ன, பூப்பந்தில் மாவட்டக் கோப்பையும் இரண்டு பல் நஷ்டமும் பார்த்தவர்தான்.

ராஜபாளையத்தில் மில் முதலாளிமார் கிளப்பில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. மாலையில் முதலாளிகள் ஆடுவார்கள். காலையில் ஒரு மணி நேரம் அதை எங்களுக்கு விடும்படி அத்தா எப்படியோ பேசி முடித்துவிட்டார். ஒரு கோர்ட், ஒரு மணி நேரம், இரண்டு மகன்கள். வேறு யாராக இருந்தாலும் ஆளுக்கு அரை மணி என்று பிரித்திருப்பார்கள். அத்தா நேரத்தைப் பிரிக்கவில்லை, கோர்ட்டைப் பிரித்தார். மூத்தவன் நைனா முகமதுக்கு வலது பாதி. இளையவன் அபுதாஹிர், அதாவது எனக்கு, இடது பாதி. எதிர்ப்பக்கம் நின்று அத்தாவும் நொண்டிக்கொண்டே சின்னத்தாவும் பந்து போடுவார்கள்.

"ஆளுக்கு முழுசா ஒரு மணி நேரம் கெடைச்சுதா இல்லையா?" என்று வீட்டில் வந்து அம்மாவிடம் பெருமையடித்தார்.

கிடைத்தது. ஏழு வருடம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இரண்டு மகன்களும் சேர்ந்து ஒரு நல்ல டென்னிஸ்காரன் இருந்தான். தனித்தனியாக விட்டால் இரண்டு அரை ஆள்தான். என்னை வலது பக்கம் நிறுத்தினால் புதுச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டவன்போல் நடப்பேன்.

இரட்டையர் ஆட்டத்தில் சண்டையெல்லாம் நடுப்பந்தால்தான் வரும். இரண்டு பேருக்கும் சரிபாதி இடைவெளியில் ஒரு பந்து வந்தால் யார் எடுப்பது? ஊர் உலகத்தில் இடது பக்கம் நிற்கிறவன் எடுப்பான். அவனுடைய வலது கைக்கு அது வாகாக வந்து விழும். எங்கள் வீட்டில் அது செல்லாது. பிரியாணிச் சட்டியில் நல்லியெலும்பு யாருக்கோ அவனுக்கே நடுப்பந்தும் என்று அத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நடுப்பந்து பெரியவனுக்கு. நைனா புறங்கையை மடக்கி அதை எடுப்பான். பத்துக்கு மூன்று வலையில் விழும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பக்கத்தில் அண்ணன் நிற்கிறான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அப்படியே மாநில இரட்டையர் பட்டம் மூன்று தடவை ஜெயித்தோம். பிறகு வெளிநாட்டுக்காரர்களும் வந்து ஆடும் சாட்டிலைட் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே ஒரு விதி உண்டு. கடைசி நேரத்துக்குள் ஜோடி இரண்டு பேரும் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் வரவில்லையென்றால் மற்றவன் கழுத்தில் மெடலோடு பிறந்திருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எண்பத்தேழில் திருவனந்தபுரம். நான் முன்னாலேயே போய்விட்டேன். நைனாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்டாட்டிக்குப் பிரசவ நேரம். பிள்ளை பிறந்ததும் பஸ் ஏறுகிறேன், மத்தியானம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். கையெழுத்து நாலு மணிவரை. மூன்று மணிக்கு ஆளைக் காணோம். மூன்றேகாலுக்கு ஒரு கல்கத்தாக்காரன் என்னிடம் வந்தான். அவனுடைய கூட்டாளிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இவன் வலது பக்கம் ஆடுகிறவன். நைனாவைவிட இரண்டு படி மேலான கை. செங்கோட்டை வழியாக வரும் பஸ்ஸை நம்பி எத்தனை நேரம் நிற்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பஸ் ஒரு சாக்கு. கைக்கு எட்டும் தூரத்தில் நல்ல சரக்கு வந்து நின்றது, வாங்கிவிட்டேன்.

மூன்றே முக்காலுக்குத் தோளில் பையோடு நைனா வந்தான். சட்டையெல்லாம் தூசி. மேஜையில் நானும் கல்கத்தாக்காரனும் கையெழுத்துப் போட்டிருந்த தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பொம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் சொகம்" என்றான்.

"அண்ணே, நேரமாயிருச்சுன்னு..."

"சரிலே. நல்லா ஆடு."

கேட் பக்கம் நடந்து போய்விட்டான். ஊருக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். நானும் கல்கத்தாக்காரனும் அந்தப் போட்டியை ஜெயித்தோம்.

அதற்குப் பிறகு எட்டு வருடத்தில் எனக்கு முப்பத்தொரு கூட்டாளிகள். ஒவ்வொரு செர்வுக்கு முன்னாலும் வானத்தைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுக்கிற ஒருவன். வாழைப்பழம் தவிர வேறெதையும் நம்பாத ஆஸ்திரேலியாக்காரன். தோற்றால் என்னைத் திட்டுவதற்கென்றே தமிழ் கற்றுக்கொண்ட சண்டிகர்க்காரன். எல்லாம் வாரக் கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்கி, "டச்சில் இருப்போம்" என்பார்கள்; திங்கட்கிழமை வேறு யாருடைய தோளிலாவது கை போட்டுப் போவார்கள். தனியாக ஆடுகிறவனுக்குத் தனியாக இருப்பது தொழிலிலேயே அடக்கம். இரட்டையர் மட்டும் ஆடுகிறவன் பாடுதான் கஷ்டம். கூட்டாளி ஒற்றையரும் ஆடுவான்; அவனுக்குக் கோச் உண்டு, சாப்பிடத் துணை உண்டு. நான் வியாழக்கிழமை வரைக்கும் லாட்ஜில் காத்திருப்பேன். பக்கத்துச் சுவரில் பந்தடித்துப் பழகுவேன். சுவர் நல்ல கூட்டாளி. எத்தனை அடித்தாலும் திருப்பிக் கொடுக்கும், ஒரு வார்த்தை பேசாது.

ஒரு தடவை எனக்குப் பெண் பார்த்தார்கள். "மாப்பிள்ளை டென்னிஸா? தனியா ஆடுவாரா?" என்று பெண்ணின் மாமா கேட்டார். "இல்லை, பாதி" என்று சின்னத்தா உண்மையைச் சொல்லிவிட்டார். அதோடு அது முடிந்தது.

தொண்ணூறில் அத்தா மௌத்தானார். அடக்கத்துக்கு முன்னால் நானும் நைனாவும் ஒரே வரிசையில் நின்று தொழுதோம். சலாம் சொன்னால் பதில் சலாம் வரும். அதற்குமேல் ஒன்றும் வராது.

தொண்ணூற்றைந்தில் எனக்கு முப்பத்துநாலு வயது. இடது முழங்கால் படி ஏறும்போதெல்லாம் சத்தம் போட்டுப் புகார் சொல்லும். அந்த வருடம் எங்கள் மில் கிளப்பில் மாவட்ட இரட்டையர் போட்டி வைத்தார்கள். ஜோடி இரண்டு பேரும் மாவட்டத்துக்காரர்களாக இருக்க வேண்டுமாம். என்னுடைய முப்பத்தொரு பேரில் ஒருவனுக்கும் அந்தத் தகுதி கிடையாது. இதைவிட நல்ல சாக்கு இனிமேல் எனக்குக் கிடைக்காது. கோப்பைக்காக இல்லை. முழங்கால் முழுதாக ஓய்ந்துபோவதற்குள் ஒரே ஒரு தடவை அண்ணன் பக்கத்தில் நின்று ஆடிவிட வேண்டும், அவன் என்னை மறுபடி தம்பியாக நடத்த வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நைனா பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். சாயங்காலங்களில் கோர்ட்டு வக்கீல்களோடு டென்னிஸும் ஆடிக்கொண்டிருந்தான். நான் போனபோது கூமாப்பட்டியிலிருந்து வந்த சோலைச்சாமி என்கிற சம்சாரி, கிணற்று மோட்டாருக்கு மாட்டும் ஃபுட் வால்வு ஒன்றைக் கைக்குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன் பாயி. பாத்துச் செய்யும்."

"பஸ்ஸை நானா ரெண்டா வெட்டினேன்?" என்ற நைனா என்னைப் பார்த்தான். "வா. என்ன வேணும்?"

வாடிக்கைக்காரனைக் கேட்பதுபோலவே கேட்டான்.

"அண்ணே, கிளப்புல மாவட்ட டபுள்ஸ் வச்சிருக்காவ. ரெண்டு பேரும் இந்த மாவட்டமா இருக்கணுமாம்."

"ஒன் ஆளுக எல்லாம்?"

"அவனுக டெல்லி, கல்கத்தா."

"வெளிச் சரக்கு செல்லாதுன்னதும் உள்ளூர்ல விசாரிக்க வந்திருக்க."

சோலைச்சாமி வால்வை மடியில் இறக்கினார். "தம்பி வாய்விட்டுக் கேக்காருல்ல பாயி. போயிட்டுத்தான் வாருமே."

"ஒமக்கு எத்தன தம்பி?"

"ரெண்டு. சின்னவனோட பேச்சு வார்த்த கெடையாது. வரப்புத் தகராறு."

"அவன் வந்து கூப்பிட்டா போவீரா?"

சோலைச்சாமி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரப்பைப் பொறுத்து" என்றார்.

நைனா சிரிக்காமல் விலையைக் குறைத்தான். சோலைச்சாமி இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாமோ என்ற முகத்தோடு போனார். கடையில் நாங்கள் இருவர் மட்டும்.

"அன்னைக்குத் திருவனந்தபுரத்துலேர்ந்து நான் ஊருக்குப் போகலலே" என்றான் நைனா.

எனக்கு விளங்கவில்லை.

"மூணு நாள் இருந்தேன். கேலரில கடைசி வரிசை. ஃபைனல் வரைக்கும் பாத்தேன்."

"ஏண்ணே?"

"அந்தக் கல்கத்தாக்காரன் எப்படி ஆடுதான்னு பாக்கத்தான். அவன் நடுப்பந்தைத் தொடவே இல்ல. பூராத்தையும் நீ எடுத்த. ஒண்ணு தப்பல." ஒரு போல்ட்டை எடுத்து டப்பாவில் போட்டான். "பன்னெண்டு வருசம் ஏங்கூட ஆடுனியே. ஒருநா எடுத்தியா?"

"அத்தா சொன்னதுதானண்ணே."

"அத்தா சொன்னாரு. நான் வலையில அடிக்கிறதப் பாத்துக்கிட்டு நின்ன நீ, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல. என்னை விட்டுட்டுப் போனதுகூட எனக்குப் பெருசில்ல. நான்தான் ஒன்னை அம்புட்டு நாளும் மறிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்னு, அங்க உக்காந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

நான் எதிர்பார்த்து வந்த பேரம் இது இல்லை. திட்டுவான், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன். எல்லாம் வீண்.

"எத்தன மணிக்கு ஆட்டம்?" என்றான்.

"வெள்ளிக்கெழம நாலு."

"வாரேன்."

கேட்டதும் கொடுத்துவிட்டால் எங்கள் பஜாரில் சந்தேகப்படுவார்கள். நானும் சந்தேகப்பட்டேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

வந்தான். மூன்று நாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நேரத்துக்கு வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, தனித் தண்ணீர் பாட்டில். அவனுடைய செர்வ் வேகம் குறைந்திருந்தது, கணிப்பு கூடியிருந்தது. ஆனால் நடுவில் ஒரு பந்து வந்தால் அரை அடி வலது பக்கம் ஒதுங்கி, "யுவர்ஸ்" என்பான். நான் எடுப்பேன். புள்ளி விழும். "நல்ல ஷாட்" என்பான். இதே மரியாதையை எட்டு வருடமாக எனக்கு முப்பத்தொரு பேர் தந்திருக்கிறார்கள். அவர்களாவது சில சமயம் திட்டுவார்கள்.

முதல் சுற்று ஜெயித்தோம், காலிறுதி ஜெயித்தோம், அரையிறுதியும் ஜெயித்தோம். கிளப்பில் எல்லோரும், "அண்ணன் தம்பின்னா இப்படியில்ல ஆடணும்!" என்றார்கள். நாங்கள் இருவரும் தலையை ஆட்டிவிட்டு ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எதிரே சிவகாசி அச்சக முதலாளி வீட்டு மகன்கள் இருவர். என் முழங்காலைவிட வயதில் சின்னவர்கள். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஆறு. அவர்கள் செர்வ். நாற்பது முப்பது. அவர்களுக்கு மேட்ச் பாயிண்ட்.

செர்வை எடுத்துக் குறுக்கே போட்டுவிட்டு வலைக்கு ஓடினேன். நைனாவும் வலைக்கு வந்தான். இரண்டு பந்து போய் வந்தது. மூன்றாவதை மூத்த பையன் எங்கள் இருவருக்கும் நடுவே அடித்தான். பெரிய வேகம் இல்லை. என் கைக்கு அளவெடுத்துத் தைத்த உயரம்.

"யுவர்ஸ்" என்றான் நைனா.

நான் மட்டையை இறக்கினேன். தவறி நடந்ததில்லை, தெரிந்தேதான் செய்தேன். இருந்த ஆட்டம் முழுவதையும் அந்த ஒரு பந்தின் மேல் வைத்தேன். நான் எடுக்காவிட்டால் அவன் எடுப்பான். எடுத்தால் அடுத்த வாரமும் கேட்கலாம், அதற்கடுத்த வாரமும் கேட்கலாம்.

நைனாவின் மட்டை நாலு விரல் தூரம் நகர்ந்தது. பார்த்தேன். பிறகு நின்றுவிட்டது. பந்து எங்கள் நடுவே போய், பின்னால் மண்ணில் ஒரு குத்துக் குத்தி, கம்பி வலையில் மோதி விழுந்தது.

பையன்களுக்குக் கைகொடுத்தோம். அம்பயருக்குக் கைகொடுத்தோம். பிறகு நைனா எனக்கும் கையை நீட்டினான். பிறந்ததிலிருந்து நாங்கள் கைகுலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பெஞ்சில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் விட்ட? எடுத்திருந்தா டியூஸு" என்றான்.

"அது ஒன் பந்துண்ணே."

"முன்னாடி இருந்துச்சு."

"நீ எடுப்பேன்னு நெனச்சேன்."

"மூணு நாளா நான் ஒண்ணு எடுத்தேனா?"

"இல்ல."

"பொறவு?"

"ஒன் கை பந்துக்குப் போச்சு. நான் பாத்தேன்" என்றேன்.

"போச்சு. நிப்பாட்டிட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நான் அடிச்சா வலையில விழுந்திருக்கும்லே. நீ அடிச்சா விழாது. இத்தன வருசம் கழிச்சும் ஒனக்கு அது தெரியலைன்னா நான் என்ன செய்ய?"

அவன் சொன்னதில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் நான் பேசித் தீர்த்திருப்பேன். பேரத்தில் எனக்குக் கை வராத இடம் இதுதான்: எதிராளிக்கு என்னிடமிருந்து ஒன்றுமே வேண்டாம் என்றால், எங்கே ஆரம்பிப்பது?

பரிசளிப்புக்கு அவன் நிற்கவில்லை. இரண்டாம் பரிசுக்கு இரண்டு சின்னக் கோப்பை. வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வண்டி இன்னும் கிளம்பவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கோப்பையை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"கடையில வைக்க எடமில்ல. ஒன்கிட்டயே இருக்கட்டும்."

"வீட்ல வைக்கலாமுல்ல. மதினி பாக்கட்டும்."

"அவ பாத்ததுதான்." கண்டக்டர் விசில் ஊதினார். நைனா ஜன்னலுக்கு வெளியே முகத்தைக் கொஞ்சம் நீட்டினான். "அடுத்து எங்க?"

"கோழிக்கோடு. பதினெட்டாந் தேதி."

"யாரோட?"

வண்டி நகர்ந்தது. கூடவே நாலெட்டு நடந்தேன்.

"இன்னும் பாக்கணும்ண்ணே."

"பாத்துக்க" என்றான் நைனா.

கோழிக்கோட்டில் கண்ணூர்க்காரன் ஒருவன் கிடைத்தான். பேங்கில் வேலை, லீவு போட்டுவிட்டு ஆட வந்தவன், வலது பக்கம் ஆடுகிறவன். கோர்ட்டுக்குள் போகும்போது, "நடுவில் வருவது யாருக்கு?" என்று பயபக்தியோடு கேட்டான்.

"எனக்கு" என்றேன்.