அத்தை வீட்டில் ஆடாத தோள்

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே, பெஞ்சில் மூவரும் காத்திருந்தார்கள். மகளின் தலை அத்தையின் மடியில் கிடந்தது. கால்கள்தான் அம்மாவின் பக்கம் நீண்டிருந்தன. சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளைச் சூடான இஸ்திரி உருளைகளுக்கிடையே தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கையால் அந்தக் கால்களைத் தடவிக்கொண்டே, அம்மா தன் நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? ஏழு வயசுப் பெண் அம்மாவிடம் இருக்கும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டுகிறாள், தோளை வெட்டி வெட்டி இழுக்கிறாள், தொண்டையைச் செருமுகிறாள். அம்மா மதிய ஷிஃப்டுக்குப் போனபின் அத்தை வீட்டில் ஒன்றும் கிடையாதாம். "அங்கதான் நல்லா இருக்கான்னு டாக்டர் சொன்னா அங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துக்கலாம்" என்று புருஷன் காலையிலேயே சொல்லிவிட்டான். பெற்றவள் இனி விருந்தாளி.

"எங்கிட்ட இவ தங்கம். நீயும் கொஞ்சம் அதட்டாம இருந்து பாரேன்" என்றாள் நாத்தனார்.

"அதட்டுறதுக்காவது நான் வீட்ல இருக்கணுமே அண்ணி."

உள்ளே, முதலில் அத்தையையும் பிள்ளையையும் விளையாடவிட்டு டாக்டரம்மா கண்ணாடித் தடுப்பு வழியே கவனித்தார். தோள் அசையவில்லை. அடுத்து அம்மா போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், தோள் வெட்டத் தொடங்கியது. தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள் அம்மா.

டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிள்ளையைக் கேட்டார். "அத்தைகூட இருந்தப்ப வரலையா?"

"வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

"ஏன்டா?"

"நான் செஞ்சா அத்தை அழுவாங்க."

"அம்மா?"

"அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா."

டாக்டரம்மா பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "தும்மலை அடக்கற மாதிரிதான் இது. பயமில்லாத இடத்துல விட்டுடறா. இது யாராலயும் வந்ததில்ல. செய்யாதேன்னும் சொல்லாதீங்க, அழவும் செய்யாதீங்க. நாள் பூரா அடக்கினதை வெளியே விட, சாயங்காலம் அம்மாகூட இருந்தா நல்லது."

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா என்பதுபோல் நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்தாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த உறிஞ்சல் அம்மாவுக்கு இனித்தது.

"வேலை நேரத்தை மாத்திக்க முடியுமா?" என்று டாக்டரம்மா கேட்டபோது இனிப்பு போய்விட்டது. போன மாதமே மேற்பார்வையாளரிடம் காலை ஷிஃப்ட் கேட்டிருந்தாள். "முடியலைன்னா நின்னுக்க. வெளியே ஆள் வரிசையில நிக்குது" என்றிருந்தார் அவர்.

பஸ் மூவரையும் நேரே சலவைக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டது. ஷிஃப்ட் மணி அடித்தாகிவிட்டது. பிள்ளை அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணைச் சிமிட்டியது, செருமியது, தோளை இழுத்தது, மறுபடி இழுத்தது.

நாத்தனார் கையை நீட்டினாள். "வா கண்ணு. அத்தை அழமாட்டேன்." சொல்லும்போதே குரல் கம்மியது.

"இருங்க அத்தை" என்றாள் சிறுமி, மூச்சிரைக்க. "போகாதம்மா. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. முடிச்சுக்கிறேன்."

காவலாளி கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, மற்றதை இழுத்துக்கொண்டிருந்தான்.