மந்திரிக்கு ராஜா குரல்

மகாராஜாவுக்கு அன்று காலையிலிருந்து எதுவுமே பிடிபடவில்லை. மகாராஜா என்பது அவன் பெயரல்ல. சரித்திரப் படங்களில் எந்த அரசன் வாயைத் திறந்தாலும் பேசுவது இவன் குரல்தான் என்பதால், டப்பிங் கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம். இவன் ஒரு அதட்டல் போட்டால் தியேட்டரில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். வீட்டுக் கதை வேறு. “ஊரையே நடுங்க வைக்கிற வாய்க்கு, மாடி வீட்டுக்காரன்கிட்ட பாட்டுச் சத்தத்தைக் குறைன்னு சொல்ல வராது” என்பாள் மனைவி. அவள் சொல்வதில் தப்பே இல்லை.

நேற்று நடந்தது இதுதான். குரல் கொடுப்பவர்கள் நிற்கும் ஒலி புகாத கூண்டுக்குள் இவன் ஹெட்போன் மாட்டி நின்றிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு என்ஜினியர், இவன் தம்பி என்று கூப்பிடுகிற சின்னப் பையன், “இன்னொரு டேக் வேணும்ண்ணே” என்று சொல்வதற்காகப் கூண்டுக்குள் குரல் கேட்கச் செய்யும் பேச்சுப் பொத்தானை அழுத்தினான். அப்போதுதான் முதலாளி உள்ளே நுழைந்தார். வேலை இழுக்கிறது என்று கத்தினார், தம்பி ஏதோ பதில் சொன்னான், முதலாளி கையை ஓங்கினார், அவர் முதுகு தம்பியை மறைத்தது. கண்ணாடிக்கு அப்பால் நடப்பது கூண்டில் இருப்பவனுக்கு ஊமைப் படம்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் தம்பியின் விரல் பொத்தானிலேயே இருந்துவிட்டது. அவன் கன்னத்தில் விழுந்த அடி இவன் காதிலும் விழுந்தது.

தம்பிக்கு இப்போது இடது காது கேட்கவில்லை. சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டான். கதவில் இடித்துக்கொண்டான் என்கிறார் முதலாளி. இரண்டுக்கும் நடுவே சாட்சி என்று இருப்பவன் இவன் ஒருவன்தான்.

காலையில் முதலாளி இவன் தோளில் கை போட்டார். அந்தக் கை இதுவரை அந்தத் தோளைத் தொட்டதே கிடையாது. “சங்கத் தலைவர் வர்றாரு. நீ கூண்டுக்குள்ள இருந்தே, உனக்கு ஒண்ணும் கேக்கல. வாயே திறக்க வேணாம், தலையை மட்டும் ஆட்டு. அடுத்த பாகத்துக்கும் நீதான் மகாராஜா.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “மந்திரிக்குப் பேசுறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அதையும் நீயே பேசி முடிச்சிடு.”

படத்தில் அரசன் தன் தம்பியைக் கொல்லத் துணிகிறான். சபையறிய மந்திரி சம்மதிக்க வேண்டும். ‘நீ பேச வேண்டாம், மந்திரி. தலையை மட்டும் அசை’ என்கிறான் அரசன். போன வாரம் அந்த வசனத்தை இவன்தான் தேன் தடவிய கத்தி மாதிரிப் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தான். இன்று மந்திரியின் பதில்.

“முடியாது, அரசே. இந்தத் தலை போகலாம், அசையாது.”

ஒரு காதோடு வேலைக்கு வந்திருந்த தம்பியின் குரல் கூண்டுக்குள் வந்தது. “அண்ணே, உதடசைவு சரியா இருக்கு. ஆளு மாறிட்டாரு. மந்திரி ராஜா மாதிரி அதட்டுறாரு.”

மகாராஜா குரலைத் தாழ்த்தினான். அரசன் பிச்சை கேட்பது போல வந்தது. கரகரப்பைச் சேர்த்தான். அரசனுக்கு ஜலதோஷம் பிடித்தது போலிருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி அசிங்கப்பட்டதில்லை. தலையை ஆட்டச் சொன்னது யார், அரசனா முதலாளியா? மறுக்க வேண்டியது யார், மந்திரியா நானா? நேற்றுக் கேட்டது அடிதானா, இல்லை நிஜமாகவே கதவா? கதவாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவன் மனம் நாக்கைத் தொங்கப் போட்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். திரையில் மந்திரி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். தலைவரே பொத்தானை அழுத்தினார். “மகாராஜா, நேத்து உங்களுக்கு எதுவும் கேக்கலன்னு முதலாளி சொல்றாரு. அப்படித்தானே?”

அவர் முதுகுக்குப் பின்னால் முதலாளி மெதுவாகத் தலையாட்டிக் காட்டினார். என்ஜினியர் தம்பி இவனைப் பார்க்கவில்லை. கேட்கிற காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக் காத்திருந்தான். மகாராஜாவின் தலை அசையத் தொடங்கியது. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. வந்தது ராஜா குரலும் இல்லை, மந்திரி குரலும் இல்லை. மாடி வீட்டுக்காரனிடம் எழும்பாத அந்தச் சோப்ளாங்கிக் குரல்.

“கேட்டுச்சு. அவரு அடிச்சாரு.”

முதலாளி எழுந்தார். தம்பி குனிந்து பொத்தானை அழுத்தினான்.

“அண்ணே, எனக்கு ஒரு காதுதான். சரியா விழல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

நிஜமாகவே விழவில்லையா, எல்லோருக்கும் உறைக்கட்டும் என்று கேட்கிறானா? மகாராஜா மைக்கின் பக்கத்தில் போனான்.

“பளார்னு கேட்டுச்சு தம்பி. உன் விரல் பொத்தான்லதான் இருந்துச்சு.”

தம்பி பழக்க தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தி, “ஓகேண்ணே” என்றான். அப்புறம்தான் அவன் முகம் உடைந்தது.

முதலாளி கூண்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், வெளியே போ என்பது போல. மகாராஜா ஹெட்போனைக் கழற்றினான். திரையில் மந்திரியின் வாய் இன்னும் திறந்தே கிடந்தது. இனி அதை யார் பேசுவார்கள் என்று நினைத்தபடியே முதலாளியைத் தாண்டி வெளியே நடந்தான்.